முப்பத்தெட்டுக் கிண்ணங்களும் ஒரு குப்பி தேங்காய் எண்ணெயும்

என் கணவரின் அண்ணன் அந்தோணி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த மரக் கிண்ணம் ஒன்றைத் தூக்கினார். கிண்ணத்தோடு அதன் அடியில் விரித்திருந்த செய்தித்தாளும் எழுந்து வந்தது. உதறினார். தாள் விழவில்லை. பிடித்து இழுத்தார். பாதித் தாள் அவர் கையோடு வந்தது, மீதி கிண்ணத்தோடு நின்றுவிட்டது.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். பலா மரத்தின் மஞ்சள் நிறத்தின் மேல் மீசை வைத்த ஒரு பெரியவரின் படமும், அதற்குக் கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துகளும் இடவலம் மாறிப் பதிந்திருந்தன.

"ஏலே வின்சென்டு, இது ஆருலே? நம்ம சொந்தத்துல ஆரும் போயிட்டாவளா?" என்றார்.

என் கணவர் மீதித் தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மேசையில் அதுபோல இன்னும் பதினொரு கிண்ணங்கள் இருந்தன. பக்கத்து அறையில் நாற்பத்தெட்டு. அறுபதும் பிசுபிசுவென்று ஒட்டின. அதில் ஒன்றின் அடியில் ரப்பர் விலை நிலவரம்கூட இருந்தது. வெளியே ஜூன் மாதத்து இடவப்பாதி மழை மூன்று வாரமாக விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது.

அந்தோணி அத்தானுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதை மறைக்க அவர் பெரிதாக முயற்சி எடுக்கவில்லை.

எப்ப வந்திய, எப்ப போறிய

வின்சென்ட் பதினாலு வருடம் வளைகுடாவில் ஒரு மரச்சாமான் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே கட்டடங்கள் எல்லாம் பாதியில் நின்றுபோன வருடத்தில் பட்டறையும் நின்றது. இரண்டு பெட்டிகளோடும், புலிப் படம் போட்ட கம்பளிப் போர்வையோடும் வந்து இறங்கினார். எங்கள் ஊர் வெக்கையில் அந்தப் போர்வையை எதற்குப் பயன்படுத்துவது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனாலும் அது இல்லாமல் வந்தால் கல்ஃப்காரன் என்று நம்ப மாட்டார்கள்.

முதல் மாதம் ஊர் அவரிடம் "எப்ப வந்திய?" என்று கேட்டது. இரண்டாம் மாதம் "எப்ப போறிய?" என்று கேட்டது. மூன்றாம் மாதம் அவரிடம் ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்த்து "பாவம் டீச்சர்" என்றது. நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எங்கள் ஒரே மகள் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே வீட்டில் நானும் அவரும்தான். அவர் தொலைக்காட்சியைச் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பள்ளிக்கூடம் போகும்போது எந்த நாற்காலியில் இருந்தாரோ, திரும்பி வரும்போதும் அதே நாற்காலியில் இருப்பார். எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு லேத்து இயந்திரம் வந்து உட்கார்ந்தது. மரத்தை அதில் மாட்டினால் அது சுழலும், இவர் உளியைக் கொடுத்தால் சுருள் சுருளாக மரம் உரிந்து விழும். ஒரு மணி நேரத்தில் கட்டை கிண்ணம் ஆகிவிடும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவர் பலா மரத்துக்கும் அயனி மரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை என்னிடம் முக்கால் மணி நேரம் விளக்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மனுசன் பேசுகிறாரே என்று சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

முட்டத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி அப்போது ஒரு சுற்றுலா விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் மேலாளர் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்தார். ஒரு மாதிரிக் கிண்ணத்தைக் கையில் வாங்கித் தடவினார், கண்ணை மூடினார், மோந்து பார்த்தார்.

"எல்லாம் நேச்சுரலா இருக்கணும் சார். பாலிஷ், வார்னிஷ் எதுவும் கூடாது. வெறும் எண்ணெய்தான். கெஸ்ட் தொட்டா மரம் பேசணும்" என்றார். விருந்தினர்களுக்குப் பழம் வைக்க அறுபது கிண்ணங்கள் வேண்டும், செப்டம்பரில் திறப்பு விழா என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தோணி அத்தானுக்கு இதெல்லாம் விளையாட்டு. அவருடைய மகன் அக்கரையில், அதே வளைகுடாவில் இருந்துகொண்டு சித்தப்பாவுக்கு ஒரு விசா ஏற்பாடு செய்திருந்தான். "செப்டம்பர் கடைசிக்குள்ள பாஸ்போட்டக் குடுக்கணும் மக்கா. சும்மா மரத்தச் சுரண்டிக்கிட்டு இருக்காத" என்று வாரம் ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போவார்.

"இந்த ஆர்டரு ஒத்து வந்தா நான் இஞ்ச இருப்பேன். ஒத்து வரல்லேன்னா போறேன்" என்றார் வின்சென்ட்.

அவர் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. அதை நான் அவரிடமும் சொல்லவில்லை, அத்தானிடமும் சொல்லவில்லை. கிண்ணங்கள் எனக்காகப் பேசிக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

மரம் பேசத்தான் செய்தது. விரலைப் பிடித்துக்கொண்டு, விட மாட்டேன் என்றது.

கஞ்சத்தனம் கூடாது

எங்கள் மாவட்டத்தில் ஒரு பொருள் வறண்டு கிடந்தால் அதைப் பார்த்துக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியாது. தலை வறண்டால் எண்ணெய். கதவு கிரீச்சிட்டால் எண்ணெய். பிறந்த குழந்தையை எண்ணெயில் முக்கி எடுத்து வெயிலில் காட்டுவோம். முட்டி வலி என்று டாக்டரிடம் போய்விட்டு, அவர் எழுதித் தந்த மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு எண்ணெய் தேய்ப்போம். எண்ணெயில் கஞ்சத்தனம் காட்டுகிறவர்களை நாங்கள் மனிதராக மதிப்பதில்லை. அவியலில் கடைசியில் ஊற்றுகிற தேங்காய் எண்ணெயை வைத்தே ஒரு குடும்பத்தின் குணத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இந்தத் தாராளம்தான் கிண்ணங்களைக் கெடுத்தது.

வின்சென்ட் பூசியது ஆளிவிதை எண்ணெய். பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் தருவார்கள். காய்ச்சியதும் உண்டு, அது சீக்கிரம் காயும். ஆனால் அதில் உலோக உப்புகள் கலந்திருக்கும், பழம் வைத்துச் சாப்பிடுகிற கிண்ணத்துக்கு ஆகாது என்று காய்ச்சாத பச்சை எண்ணெயைத்தான் அவர் வாங்கினார். மாதிரிக் கிண்ணத்தைச் செய்தது கொளுத்துகிற மார்ச் மாதத்தில். ஒரு கரண்டி எண்ணெயில் துணியைத் தொட்டுத் தடவி, மிச்சத்தைத் துடைத்து வைத்தார். நன்றாகக் காய்ந்தது.

அறுபது கிண்ணங்களுக்கு எண்ணெய் பூசிய அன்று அத்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஏலே, என்னலே தொட்டுத் தொட்டு வைக்க? கைய நனைச்சு நல்லாக் குடு. குடிக்கட்டும்" என்றார். தம்பிக்கு மானம் போய்விட்டது. கையை நனைத்து நன்றாகவே கொடுத்தார். இரண்டாம் நாளும் கொடுத்தார். மூன்றாம் நாளும் கொடுத்தார். நான்காம் நாள் மழை பிடித்தது. மரம் தனக்கு வேண்டியதைக் குடித்துவிட்டு, மீதியை மேலேயே விட்டுவிட்டது. அந்த மீதி ஈரக் காற்றில் காயவும் இல்லை, போகவும் இல்லை. பாகு மாதிரி நின்றது.

சாளை எண்ணெய் வைத்தியம்

கெடுத்தவரே வைத்தியமும் சொன்னார். "நம்ம அப்பா வள்ளத்துக்கு என்ன தேச்சாரு? சாளை எண்ணெயாக்கும். உப்புத் தண்ணியில கெடந்து வள்ளம் அழுகிச்சா? இல்லல்லா?"

"வள்ளத்துல ஆரும் பழம் வச்சுத் திங்க மாட்டாவ அத்தான்" என்றேன்.

"டீச்சருக்கு எல்லாம் புஸ்தகத்துல இருக்கணும்."

நியாயமாகச் சொன்னால் வேதியியல் அவர் பக்கம்தான் இருந்தது. சாளை மீனின் எண்ணெய் காற்றுப்பட்டுக் காயக்கூடியதுதான். அவருக்கு எதிராக இருந்தது மூக்கு மட்டும். ஒரு கிண்ணத்தில் தடவிக் கொட்டகையின் மேல் வைத்தார். சாயங்காலத்துக்குள் தெருவில் உள்ள பூனைகள் எல்லாம் எங்கள் தகரத்தின் மேல் கூடிவிட்டன. எங்கள் தெருவில் அத்தனை பூனைகள் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் அந்தக் கிண்ணத்தைத் தென்னை மரத்தடி மூட்டில் போட்டு எரித்தோம். பிறகு வேறொரு பலாக் கட்டையில் அறுபதாவது கிண்ணத்தை மறுபடி கடைந்தார்.

கொடியில் கந்தல்

கடைசியில் வின்சென்ட் தன்னுடைய வழிக்கே போனார். டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒவ்வொரு கிண்ணத்தையும் அழுத்தித் துடைத்தார். பாகு இளகித் துணியோடு வந்தது. அப்படியும் போகாத இடத்தைப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் உரசினார். அஞ்சலிப் பெரியவர் மட்டும் கடைசி வரை போக மறுத்தார், அவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் அனுப்ப முடிந்தது. சின்ன அறையில் இரண்டு குண்டு பல்பும் ஒரு மேசை விசிறியும் வைத்துக் கிண்ணங்களைக் காயப்போட்டார். மின்வெட்டு நேரத்தில் நானும் அவரும் ஆளுக்கொரு அட்டையை வைத்து விசிறினோம். அதற்குப் பிறகு எண்ணெயைத் துளித் துளியாகப் பூசி, கால் மணி நேரம் விட்டு, துணியில் ஈரமே படாத அளவுக்குத் துடைத்தார். ஒரு வாரம் காயவிட்டு மறுபடியும் அதே வேலை.

இதில் துணிதான் வம்பு. லின்சீட் எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் துணிகளை ஒவ்வொன்றாக விரித்து முற்றத்துக் கொடியில் போட்டேன். பழைய வேட்டிக் கிழிசல், உள்பாவாடைத் துண்டு, என் பனியன் துணி நைட்டியின் கை, எல்லாம் மஞ்சள் கறையோடு மழை விட்ட நேரமெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கோயிலில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சருக்குச் சம்பளம் வருகுல்லா? பொறவு எதுக்கு இப்பிடிக் கந்தலு உடுக்கிய?" என்று கண் கலங்கினாள். அடுத்த நாள் அவள் மருமகளின் நல்ல சேலைகள் மூன்று ஒரு பையில் எங்கள் வீட்டுக்கு வந்தன. அதில் ஒன்றை நான் இப்போதும் கட்டுகிறேன்.

(சென்ற வாரம் இதே பத்தியில் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் தராசு காணாமல் போன கதையை எழுதியதற்கு, "உங்களுக்கு உருப்படியான அனுபவமே கிடையாதா?" என்று கேட்டு ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். கிடையாது ஐயா. இருந்தால் முதலில் அதை எழுதியிருக்க மாட்டேனா?)

என் பங்கு

ஆகஸ்டு முடியும்போது அறுபது கிண்ணங்களும் காய்ந்துவிட்டன. உள்ளங்கையால் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். வாடை இல்லை, ஒட்டல் இல்லை. வின்சென்ட் சிரித்துக்கொண்டே அட்டைப் பெட்டி வாங்கத் தக்கலைக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து அத்தான் வந்தார். கிண்ணங்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ஒட்டல்ல, அது செரி. ஆனா என்ன டீச்சர் இது, மூணு நாளு பட்டினி கெடந்த மொகம் மாதிரி வெளுத்து இருக்கு? இதக் கொண்டு குடுத்தா அந்த மேனேஜரு திரும்பிப் பாப்பானா?" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நானும் பார்த்தேன். வெளுத்துத்தான் இருந்தன. பளபளப்பே இல்லை. இந்த மேனேஜர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இவர் போய்விடுவார் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை. அடுக்களையில் எங்கள் தென்னையில் விளைந்து செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஒரு பெரிய குப்பி நிறைய இருந்தது. கையை நனைத்தேன். ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து, பிள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி உள்ளும் புறமும் தேய்த்தேன். முப்பத்தெட்டுக் கிண்ணம் ஆனபோது குப்பி காலியாகிவிட்டது. அவை மின்னின. மிச்சம் இருபத்திரண்டும் அவற்றுக்குப் பக்கத்தில் ஏழைகளாக உட்கார்ந்திருந்தன. எனக்கு அவ்வளவு திருப்தி.

வின்சென்ட் வந்தார். பார்த்தார். ஒன்றை எடுத்து மோந்தார். கீழே வைத்தார். "கொள்ளாம்" என்று மட்டும் சொன்னார். எங்கள் ஊரில் அதற்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டுக்கு இரண்டு

பத்து நாள் கழித்துக் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களை வீட்டில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க மின்னுகிற கிண்ணம் ஒன்றை எடுத்து மேலே வைத்திருந்தேன். ஒரு தாளை எடுத்தபோது அதன் நடுவில் வட்டமாக ஒரு கறை. தூக்கிப் பிடித்தால் அதன் வழியே ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.

தாளில் தேய்த்தால் ஒளி கசியும் கறை உண்டாவது கொழுப்பைக் கண்டறிகிற சோதனை. வருடா வருடம் நான் செய்து காட்டுகிற சோதனை. அந்தக் கறைக்குள் எட்டாம் கேள்விக்கான பதிலை ஒரு பெண் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'ஆளிவிதை எண்ணெய் உலரும் எண்ணெய். தேங்காய் எண்ணெய் உலரா எண்ணெய். அது எத்தனை நாள் காற்றில் வைத்தாலும் காயாது. நாளடைவில் காறிப்போகும்.'

இரண்டு மதிப்பெண் கேள்வி. இரண்டு போட்டேன். கேள்வித்தாள் தயாரித்ததும் நான்தான்.

கிண்ணத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். காறல் வாடை ஆரம்பித்திருந்தது. விளிம்பில் நாலு எறும்புகள் ஒட்டிக்கொண்டு செத்திருந்தன. இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்திவிட்டு வீட்டுக்கு வருகிறவள், பேருந்தை விட்டு இறங்கும்போது அதைச் சீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கொட்டகைக்குப் போய், "இஞ்ச பாருங்க, கிண்ணத்தக் கெடுத்தது நானாக்கும்" என்றேன்.

"தெரியும்" என்றார், லேத்தை நிறுத்தாமல்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். நீ அவ்வளவு ஆசையாத் தேச்சு வச்சிருந்த. பொறவு எப்பிடிச் சொல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. பத்து நாள் வீணாகப் போயிருந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். யார் மேல் கத்துவது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

லிமிட்டெட் எடிஷன்

சனிக்கிழமை நான் தொடாத இருபத்திரண்டு கிண்ணங்களை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தோம். மீதி முப்பத்தெட்டும் சரியாவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று வின்சென்ட் உள்ளதைச் சொன்னார். மேலாளர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு அவர் முகம் திடீரென்று மலர்ந்தது.

"லிமிட்டெட் எடிஷன்னு சொல்லிடலாம்" என்றார்.

இருபத்திரண்டையும் வரவேற்பறையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து விளக்குப் போடச் சொன்னார். யாரும் தொடக் கூடாது என்று ஒரு அட்டையும் எழுதி வைத்தார்கள். விருந்தினர்களுக்குப் பழம் எதில் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். எவர்சில்வரில் என்றார். முப்பத்தெட்டு வந்த பிறகு யோசிக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

ஆர்டர் ஒத்து வந்ததா, வரவில்லையா என்று திரும்பி வருகிற வழியெல்லாம் இருவருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் வின்சென்ட் முப்பத்தெட்டையும் முற்றத்தில் வெயிலுக்கு விரித்துவைத்து, கசிந்து வருகிற தேங்காய் எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தார். நானும் பழைய சேலைக்கு மாறி உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அத்தான் வந்தார்.

"இருவத்திரெண்டு கிண்ணத்த வச்சுக் குடும்பம் நடத்துவியாலே? பய மூணு தடவ ஃபோன் பண்ணிட்டான். பாஸ்போட்ட எடு."

வின்சென்ட் கையைத் துடைத்தார். கிண்ணங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "டீச்சரே, பாஸ்போர்ட்ட எடுத்துக் குடு" என்றார்.

பாஸ்போர்ட் அலமாரியில் என் சேலைகளுக்கு அடியில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பதினாலு வருடத்தில் ஒவ்வொரு விடுமுறை முடிவிலும் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று அவரை அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தொண்டை வரைக்கும் ஒரு வார்த்தை வரும். ஒவ்வொரு தடவையும் "மாத்திர எடுத்தியளா? மீன் ஊறுகாய ஒழுகாமக் கட்டுனியளா?" என்றுதான் கேட்டிருக்கிறேன்.

"போவாண்டாம்" என்றேன்.

"என்ன டீச்சர்?" என்றார் அத்தான்.

"அவரு போவாண்டாம் அத்தான். கிண்ணம் ஒட்டுனாலும் போவாண்டாம், ஒட்டல்லேன்னாலும் போவாண்டாம். எனக்கு இவரு இஞ்ச இருக்கணும்."

வகுப்பில் பேசுகிற குரலில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அத்தான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப புருசனும் பெண்டாட்டியுமா இருந்து கிண்ணத்துல கஞ்சி குடியுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

வின்சென்ட் வெகு நேரம் ஒரே கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமல், "இத முதல் லீவுலயே சொல்லியிருந்தா நான் திரும்பப் போயிருக்கவே மாட்டேன் பாத்துக்க" என்றார்.

முதல் விடுமுறை முடிந்து அவர் போனபோது எங்கள் மகளுக்கு நான்கு வயது. இப்போது பதினேழு. நான் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தேன். தலைப்பெல்லாம் எண்ணெய்.